காதில் ஒன்றும் இல்லாதவள்

தஞ்சாவூரில் நான் முதன்முதலாக வேலை பார்த்த அலுவலகத்தில் இருபத்திரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. அவற்றின் முன்னால் உட்கார்ந்த இருபத்திரண்டு பேரில் இருபத்தொரு பேர் காதில் இயர்போன் மாட்டியிருந்தார்கள். மாட்டாத ஒருத்தி நான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இப்போது எழுதும்போது அதை மறைக்க விரும்பவில்லை.

மருத்துவக் கல்லூரிச் சாலையில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. காலை ஆறு மணிக்கு ஷிப்ட் தொடங்கி இரண்டு மணிக்கு முடியும். ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால், நான் நான்கு மணிக்கு எழுந்து, வாய்க்கால் கரையோடு நடந்து, பாபநாசம் வந்து பஸ் பிடிக்க வேண்டும். பஸ்ஸில் எல்லாரும் தூங்குவார்கள். நான் மட்டும் தூங்காமல் நேராக உட்கார்ந்து வருவேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் பட்டமும் வாங்கிய முதல் ஆள் நான். அப்படிப்பட்டவள் வாயைத் திறந்துகொண்டு ஜன்னலில் சாய்ந்து தூங்கக்கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன். அந்த வயதில் இப்படி நிறைய விதிகள் இருந்தன.

வேலை இதுதான். எங்கோ ஒரு குளிர் நாட்டில், பழைய காலத்து தேவாலயங்களில் பிறப்பு, ஞானஸ்நானம், சாவு எல்லாவற்றையும் எழுதி வைத்த பெரிய பெரிய பதிவேடுகள். அவற்றைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். திரையின் மேல்பாதியில் அந்தப் பக்கத்தின் படம் தெரியும். கீழ்ப்பாதியில் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி, வயது என்று கட்டங்கள் இருக்கும். பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டும். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள், ஒருத்தர் அடித்தது இன்னொருத்தருக்குத் தெரியாது. பிறகு மூன்றாவதாக ஒரு ஆள் இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஒத்துப்போகாத இடம் சிவப்பில் தெரியும். படத்தைப் பார்த்து, எவர் அடித்தது சரியோ அவருக்குரிய பொத்தானை அழுத்தினால், மற்றவருடைய இருக்கை எண்ணில் ஒரு பிழை ஏறிவிடும். அந்த மூன்றாவது இருக்கையை ‘கம்பேர்’ என்பார்கள். சேர்ந்த எட்டாவது மாதத்திலேயே அது எனக்குக் கிடைத்தது.

“ஏசில உக்காந்து பட்டன அமுக்குற வேலைக்கு என்னடி அலுப்பு?” என்று அம்மா கேட்பாள். அவள் நடவு முடித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவாள். நான் கண்ணைப் பிடித்துக்கொண்டு வருவேன். ஒருவர் வலி மற்றவருக்கு வலியாகவே தோன்றவில்லை. அம்மா வயலில் பாடியிருப்பாளே என்று கல்லூரியில் ஒரு பேராசிரியை ஆசையாகக் கேட்டார். பாடியதில்லை. அம்மா நடவு நட்டபடியே பக்கத்து ஆளோடு சண்டை போடுவாள். ஒரு சண்டை காலையில் தொடங்கினால் அது ஒரு மா நிலம் நட்டு முடிக்கும் வரைக்கும் தாங்கும்.

எங்கள் அலுவலகத்தில் சண்டைக்கு வழியில்லாததால் எல்லாரும் எதையாவது கேட்டார்கள். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடைகளில் மெமரி கார்டைக் கொடுத்தால் பாட்டு ஏற்றிக் கொடுப்பார்கள். அதை ஒரு காதில் மாட்டிக்கொள்வார்கள். இன்னொரு காது மேனேஜர் கூப்பிட்டால் கேட்பதற்கு. தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் வீட்டுப் பெண் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டே அடிப்பாள். ஒருவர் சினிமா நகைச்சுவைக் காட்சிகளை மட்டும் கேட்பார். சாவுப் பதிவேட்டை அடித்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். கல்யாணம் நிச்சயமான ஒரு பெண் ஒரே பாட்டை ஆறு மணியிலிருந்து இரண்டு மணிவரை மாதக்கணக்கில் கேட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அதை விட்டுவிட்டாள்.

பதினான்காம் எண் அக்கா கேட்டது இது எதுவும் இல்லை.

அவர் கடற்கரைப் பக்கத்து ஊரிலிருந்து வந்த முஸ்லிம் பெண். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். கணவர் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. அன்றைக்குப் போன் செய்து நெடுநேரம் பேசுவார். அக்காவின் செல்போன் அந்தப் பேச்சைப் பதிவு செய்துகொள்ளும். வாரம் முழுவதும் அக்கா அதைத்தான் காதில் ஓடவிட்டிருப்பார்.

“அப்படி என்னக்கா பேசுவாரு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“என்னத்த. ரூம்ல தண்ணி வரல. பக்கத்துக் கட்டில்காரன் வெங்காயத்தத் தூக்கிட்டான். புள்ள பல்லு வெளக்குனாளா. அதான்.”

“அதையா எட்டு மணி நேரம் கேப்பீங்க?”

“கேக்குறதுக்கா போடுறேன்? அது பாட்டுக்கு ஓடிட்டுக் கெடக்கணும். நீ என்ன காதுல ஒண்ணும் மாட்டாம முனிவர் மாதிரி உக்காந்துருக்க?”

“நான் வேலை பாக்குறேங்க்கா.”

“ஆமா, நாங்க இங்க வெத்தல பாக்கு மாத்திக்கிட்டு இருக்கோம்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் சுட்டது.

அக்காவுக்கு அந்த வேலை எதற்கு என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவருடைய மகள் தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் படித்தாள். ஊரை விட்டு வந்து இங்கே வீடு எடுத்துத் தங்க மாமனார் சம்மதித்தது இந்த வேலையைக் காரணம் காட்டித்தான். வேலை போனால் அந்த வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பது பேச்சு. “என்னப் பன்னண்டோட நிறுத்துனாங்க. அவள எங்கயும் நிறுத்த விடமாட்டேன்” என்பார். வேறு எதைப் பற்றிப் பேசும்போதும் அக்காவின் குரல் அப்படி இறுகிக் கேட்டதில்லை.

அந்த அக்காவின் எண்ணில்தான் பிழைகள் ஏறிக்கொண்டே இருந்தன. தொடர்ந்து இரண்டு மாதம் அளவுக்கு மேல் பிழை வந்தால் அனுப்பிவிடுவார்கள். முதல் மாதமே அக்காவின் பிழைகள் அளவைத் தாண்டிவிட்டன. இரண்டாவது மாதம் பாதியில், மேனேஜர் என்னைத் தன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்.

“பதினாலுக்கு மட்டும் ஏம்மா இவ்வளவு வருது? ஸ்பீடு நல்லாத்தானே இருக்கு?”

நான் கொஞ்சமும் யோசிக்காமல் என் காதைத் தொட்டுக் காட்டினேன். “காதுல எப்பவும் ஏதாவது ஓடிட்டே இருக்கு சார். மனசு எப்படி வேலைல நிக்கும்?” என்றேன்.

“நீ மாட்டுறதில்லையோ?”

“இல்ல சார்.”

அந்த ‘இல்ல சார்’ சொன்னபோது எனக்கு இருந்த நிமிர்வு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மறுநாள் காலை, உள்ளே வரும்போதே எல்லாரும் செல்போனையும் இயர்போனையும் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட்டு வர வேண்டும் என்று உத்தரவு வந்தது.

பாட்டு நின்றதும் அந்த அறையில் என்னென்ன சத்தம் இருந்தது என்று தெரிந்தது. ஏசியிலிருந்து பக்கெட்டில் சொட்டும் தண்ணீர். கீழே கடையில் குடம் விழும் சத்தம். கரண்ட் போனால் யுபிஎஸ் போடும் ‘கீக்... கீக்...’ இருபத்திரண்டு விசைப்பலகைகள் சேர்ந்து தகரத்தில் மழை பெய்வதுபோல ஒலித்தன. முதல் நாள் ஒழுங்காகப் போயிற்று. இரண்டாம் நாள் பதினோரு மணிக்கெல்லாம் எல்லாரும் கொட்டாவி விட ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் வேறொன்று நடந்தது. அவர்கள் படிக்க ஆரம்பித்தார்கள்.

அதுவரை யாரும் படித்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணில் பட்டது கையால் போய்விடும், நடுவில் எங்கும் தங்காது. இப்போது தங்கியது. பிரசங்கம் கேட்கும் பெண், “இந்த வீட்டுல ஒரே வாரத்துல நாலு புள்ளைங்க போயிருக்கு பாரேன்” என்றாள். நகைச்சுவை கேட்பவர் எழுந்து வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அக்கா ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். பிறந்து மூன்று நாளில் இறந்த குழந்தை. பெயர் எழுதும் கட்டம் காலியாக இருந்தது.

“பேரே வைக்கல புள்ள” என்றார் என்னைப் பார்த்து. “நான் இந்தப் புத்தகத்த ஒன்னரை வருஷமா அடிக்கிறேன். செத்தவங்க கணக்குன்னு தெரியும். ஆனா தெரியாது.”

பிழைகள் குறையவில்லை. எல்லார் எண்ணிலும் கூடின. பாதிப் பேர் மதியம் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டார்கள். நானும் சிவப்பு இடங்களை நாள் முழுவதும் தீர்த்துத் தீர்த்து, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எதிரே வரும் வண்டி எண்களைக்கூட ஒப்பிட்டுப் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டேன். என் விதியை மீறி, வாயைத் திறந்துகொண்டு தூங்கிய முதல் வாரம் அது.

மாத முடிவுக்கு ஐந்து நாள் இருந்தபோது வெளிநாட்டிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. முடித்து அனுப்பும் பக்கங்களில் சிலவற்றை எடுத்து அவர்களே திரும்பப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்ததில் பதினொரு இடங்கள் தவறு. மேனேஜர் அதை அச்செடுத்து என்னிடம் கொடுத்து, “யார் யார் எண்ணுன்னு பாத்துச் சொல்லும்மா” என்றார்.

என் இருக்கையில் உட்கார்ந்து அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். முதல் இடம்: ஒரு பெண்ணுக்கு ஞானஸ்நானம் நடந்த தேதி, அவள் பிறந்த தேதிக்கு நான்கு நாள் முந்தி இருந்தது. பதிவேட்டை எழுதிய பாதிரியார் தூக்கக் கலக்கத்தில் எழுதியிருப்பார். ஒருவர் அதை அப்படியே அடித்திருந்தார். இன்னொருவர் மாதத்தை மாற்றிப் பொருத்தமாக அடித்திருந்தார். நான் பொருத்தமானதை அழுத்தியிருந்தேன். இரண்டாவது: விதவை, வயது ஒன்பது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. நான் தொண்ணூறை அழுத்தியிருந்தேன். மூன்றாவது, நான்காவது. பதினொன்றில் ஒன்பது இடங்களில் படத்தில் உள்ளதை அப்படியே அடித்தவரை விட்டுவிட்டு, அறிவாக அடித்தவரை நான் தேர்ந்தெடுத்திருந்தேன். அறிவாக அடித்தவர்கள் பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த, என்னைப் போன்ற பட்டதாரிகள். அப்படியே அடித்தவர் ஏழு இடங்களில் பதினான்காம் எண்.

‘கண்ணில் பட்டதை அடி’ என்பதுதான் அந்த வேலையின் ஒரே சட்டம். எனக்கு அது தெரியாததல்ல. ஆனால் என் கை அப்படிப் பழகியிருந்தது. ஏழாம் வகுப்பிலிருந்து எங்கள் தெருவுக்கே நான்தான் மனு எழுதினேன். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், வருஷா வருஷம் தாலுகாவில் நடக்கும் ஜமாபந்தியில் கொடுக்கும் மனு. யாருக்கும் தன் வயது தெரியாது. “அம்பது போடு”, “பெரியவனுக்கு ஒரு நாப்பது போடேன்” என்பார்கள். அப்படியே எழுதினால் தாய்க்கும் மகனுக்கும் பத்து வயதுதான் வித்தியாசம் வரும். தாலுகா ஆபீஸில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் நான் கணக்குப் போட்டு, யார் வயதையும் யார் வயதும் இடிக்காதபடி எழுதிக் கொடுப்பேன். என் சொந்தப் பிறந்த தேதியே தலைமை ஆசிரியர் அப்படிப் பொருத்திப் போட்டதுதான். எழுத்தில் இருப்பது பொருந்தவில்லை என்றால் பொருத்துவதுதான் படித்தவளின் வேலை என்று நான் நம்பியிருந்தேன். அதற்காகத் தெருவே என்னைக் கொண்டாடியது.

போன இரண்டு மாதங்களின் மற்ற பக்கங்களையும் திறந்து பார்த்தேன். எல்லாம் பார்க்கத் தேவையிருக்கவில்லை. அக்காவின் பிழைகளில் பெரும்பாலானவற்றைச் செய்தவள் நான்.

மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. நான் சொன்னதைக் கேட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

“பதினால எப்படியும் இந்த மாசத்தோட அனுப்புறதா இருக்கு. ஏற்கெனவே அவங்க எண்ணுலதான் ஏறியிருக்கு. அப்படியே விட்டுடலாம். கம்பேர்ல தப்புன்னு நான் மேல எழுதுனா, இந்த சீட்டு உனக்கு இருக்காது. யோசிச்சுக்க.”

யோசித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் என் இருக்கையைப் பற்றி அப்பா டீக்கடையில் சொல்லியிருந்தார். “எல்லாரும் அடிச்சத என் மவ திருத்துவா” என்று. அது என் கண்முன் வந்து நின்றது. காலியான பெயர்க் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்ததும் வந்தது. நான் நல்லவள் என்பதற்காக எதையும் செய்யவில்லை. அக்காவின் பிழைக் கணக்கில் ஒரு தவறு இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போக என்னால் முடியவில்லை.

“எழுதிடுங்க சார்” என்றேன். “அப்பறம், இயர்போன் விஷயம். நான் சொன்னது தப்பு. அவங்க மாட்டிக்கிட்டு அடிச்சதுதான் சரியா இருந்துச்சு.”

அவர் பேனா மூடியைக் கடித்தார். “படிச்ச புள்ளைங்கள வெச்சுக்கிட்டு எனக்கு இதான் பாடு” என்றார்.

மறுநாள் வாசலில் கூடை இல்லை. பதினான்காம் எண்ணில் நான் ஏற்றிய பிழைகளை நீக்கியிருந்தார்கள். என் இருக்கை மாறியிருந்தது. அக்காவின் இருக்கையை ஒட்டிய அடுத்த வரிசையில், இருபதாம் எண்.

மூன்று நாள் அக்கா என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் சாப்பாட்டு நேரத்தில் நானே எல்லாவற்றையும் சொன்னேன். டப்பாவை மூடிவிட்டு, நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“கண்ணாடி ரூமுல நீ காதத் தொட்டுக் காட்டுனத அன்னைக்கே பாத்தேன்” என்றார். “வாப்பாகிட்ட சொல்லி சாமான் கட்டுறதுக்கு அட்டப்பெட்டி எடுத்து வெச்சாச்சு. ரெண்டு பெட்டி கட்டியும் முடிச்சேன். எம் மவ கேக்குறா, ‘ஸ்கூல் பேக்க எந்தப் பெட்டில வைக்கிறது’ன்னு.”

“மன்னிச்சுக்குங்கக்கா.”

“மன்னிக்கிறதுக்கு இன்னும் நாளாவும். சாப்புடு.” கொஞ்ச நேரம் கழித்து, “உனக்குப் படிப்பு ஜாஸ்தி. அதான் ஒன் வியாதி” என்றார். அது திட்டா ஆறுதலா என்று எனக்கு விளங்கவில்லை. பெட்டிகளைப் பிரித்துவிட்டதாக அடுத்த வாரம் வேறு யாரிடமோ சொன்னார். அதை நான் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அடிக்கும் இருக்கையில் என் கை திருந்தவில்லை. பொருந்தாத தேதியைக் கண்டதும் விரல் தானாகவே பொருத்தமானதைத் தேடியது. முதல் வாரத்திலேயே இருபதாம் எண்ணில் பிழைகள் நிறைந்தன. அக்கா என் திரையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, “காதுல எதையாவது மாட்டித் தொல. சும்மா இருந்தா நீ படிப்ப” என்றார்.

பாபநாசத்தில் ஒரு இயர்போன் வாங்கினேன். பாட்டுகள் எனக்குச் சரிப்படவில்லை. வரிகளைக் கவனிக்க ஆரம்பித்து, அடிப்பதை விட்டுவிடுவேன். கடைசியில் எஃப்எம் ரேடியோதான் பொருந்தியது. அதில்கூடப் பாட்டு இல்லை, விளம்பரங்கள். புறவழிச்சாலைக்கு மிக அருகில் வீட்டுமனைகள் விற்பனைக்கு என்று ஒருவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உற்சாகமாகக் கத்துவார். பக்கத்திலேயே பள்ளி, பக்கத்திலேயே மருத்துவமனை, சுவையான குடிநீர். ஏழெட்டு நாளில் அந்தக் குரல் என் காதுக்குள் புகுந்து அப்படியே குடியேறிவிட்டது. அது ஓடும்போது என் விரல்கள் எங்கும் நிற்கவில்லை.

அடுத்த மாதக் கடைசி நாள், அன்றைக்கு அடித்ததில் இருபதாம் எண்ணில் ஒரு பிழைகூட இல்லை. மேனேஜர் பலகையில் எழுதிப் போட்டார். யாரோ கைதட்டினார்கள். அக்கா என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். இரண்டு மணி வெயிலில் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அன்றைக்கு நான் அடித்த பக்கங்களில் இருந்தவர்களில் ஒருவருடைய பெயரையாவது நினைத்துப் பார்க்க முயன்றேன். ஆணா பெண்ணா, குழந்தையா கிழவியா, எதால் செத்தார்கள் என்று. ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. அய்யம்பேட்டை தாண்டும்வரை முயன்றுகொண்டிருந்தேன். பிறகு தூங்கிவிட்டேன்.